ஃபுகாஸியின் 'இன் ஆன் தி கில் டேக்கர்': இரண்டு முறை பதிவான ஆல்பம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாஷிங்டன் டிசி-யைச் சேர்ந்த ஃபுகாஸி என்ற போஸ்ட்-ஹார்ட்கோர் (பங்க் ராக்கிலிருந்து கிளைத்த ஒரு வகை) இசைக்குழு 1992-இல் ஒரு ஆல்பத்தை முழுசாகப் பதிவுசெய்து முடித்தது. அப்புறம் அதை ஓரம் வைத்துவிட்டு, அதே பாடல்களை முதலிலிருந்து மறுபடியும் பதிவுசெய்தது. யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அந்த ஆல்பத்தைப் பற்றியும் அதை உருவாக்கி வெளியிட்ட விதத்தைப் பற்றியும், இந்த இசைக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். தகவலோடு என் கருத்தும் கலந்துதான் இருக்கும்.

ஃபுகாஸி யார்?

நான்கு பேர். இயன் மெக்கே, கை பிச்சோட்டோ இருவரும் கிட்டார் வாசித்துப் பாடியவர்கள். ஜோ லாலி பேஸ், பிரெண்டன் கேன்டி டிரம்ஸ். முதல் கச்சேரி 1987 செப்டம்பரில், வாஷிங்டனில் உள்ள வில்சன் சென்டரில். மெக்கே அதற்கு முன்னால் மைனர் த்ரெட் என்ற ஹார்ட்கோர் குழுவில் பாடியவர். பிச்சோட்டோவும் கேன்டியும் ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் குழுவில் இருந்தவர்கள். தொடக்கத்தில் பிச்சோட்டோ பாடகர் மட்டும்தான். 1990-இல் வந்த 'ரிப்பீட்டர்' ஆல்பத்தில்தான் அவர் கிட்டாரும் சேர்ந்தது. இரண்டு கிட்டார்களும் ஒன்றையொன்று இடைமறித்துப் பேசிக்கொள்வது போன்ற அந்த ஒலி அங்கேதான் தொடங்குகிறது.

போஸ்ட்-ஹார்ட்கோர் என்றால் என்ன?

ஹார்ட்கோர் பங்க் வேகமானது, சுருக்கமானது, கோபமானது. ஒரு பாட்டு ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். 1985 வாக்கில் வாஷிங்டன் இளைஞர்கள் சிலருக்கு அந்த வடிவம் போதவில்லை. கச்சேரிகளில் அடிதடி பெருகியதும் அவர்களைச் சலிப்படைய வைத்தது. கோபத்தை விடாமல், ஆனால் மெதுவான இடங்களையும், மௌனத்தையும், ரெகே, ஃபங்க் தாளங்களையும் உள்ளே கொண்டுவந்தார்கள். அதன் விளைவுதான் இந்த வகை. இலக்கணம் எழுதி வைத்துக்கொண்டு யாரும் தொடங்கவில்லை. ஃபுகாஸியில் லாலியின் பேஸை மட்டும் கவனித்துக் கேட்டால், ஹார்ட்கோரிலிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டார்கள் என்பது புரிந்துவிடும்.

முதலில் சிகாகோவுக்கு ஏன் போனார்கள்?

1991-இல் வந்த 'ஸ்டெடி டயட் ஆஃப் நத்திங்' ஆல்பத்தை அவர்களே தயாரித்தார்கள். பழைய தயாரிப்பாளர் டெட் நைஸ்லி அப்போது சமையல் கலைத் தொழிலுக்குப் போயிருந்ததால் கிடைக்கவில்லை. அந்த ஆல்பத்தின் ஒலி கொஞ்சம் இறுக்கமாகவும் வறண்டும் இருக்கும். அடுத்ததற்கு வேறு ஊர், வேறு காது வேண்டும் என்று தோன்றியது இயல்புதான்.

சிகாகோவில் ஸ்டீவ் அல்பினி இருந்தார். பிக் பிளாக் குழுவை நடத்தியவர், பிக்ஸீஸ் குழுவின் 'சர்ஃபர் ரோஸா'வைப் பதிவுசெய்தவர். தன்னைத் தயாரிப்பாளர் என்று அழைப்பதையே விரும்பாதவர். ஒலிப்பதிவாளர் என்றால் போதும், ராயல்டி வேண்டாம், வேலைக்கான கூலி மட்டும் கொடுங்கள் என்பது அவருடைய கொள்கை. இசைத் தொழிலின் பணக் கணக்கைப் பற்றி ஃபுகாஸிக்கு என்ன எண்ணம் இருந்ததோ, ஏறக்குறைய அதே எண்ணம்தான் அவருக்கும்.

அங்கே என்னதான் நடந்தது?

1992 இலையுதிர் காலத்தில் அல்பினியின் வீட்டு ஸ்டூடியோவுக்குப் போனார்கள். சில பாடல்களை மட்டும் பதிவுசெய்து பார்க்கலாம் என்றுதான் திட்டம். ஆனால் வேலை சரசரவென்று நடந்தது, எல்லோருக்கும் உற்சாகம். கையில் இருந்த பாடல்களையெல்லாம் பதிவுசெய்து ஒரு முழு ஆல்பத்தோடு கிளம்பினார்கள்.

ஊர் திரும்பும் வழியில் டேப்பைக் கேட்கக் கேட்க அந்த உற்சாகம் வடிந்தது. ஸ்டூடியோவில் வாசிக்கும்போது இருந்த சந்தோஷம் டேப்பில் ஏறவில்லை. ஊருக்கு வந்தபிறகும் அதே எண்ணம்தான். இந்த நேரத்தில் அல்பினியிடமிருந்தும் செய்தி வந்தது. அவரும் கேட்டுப் பார்த்திருக்கிறார், தாங்கள் எல்லோருமாகக் கோட்டை விட்டுவிட்டோம் என்றே அவருக்கும் பட்டிருக்கிறது. யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. நட்பும் கெடவில்லை.

எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான். பதிவுசெய்தவர் பெயர்பெற்றவர், பாடல்கள் நல்லவை, செலவும் ஆகிவிட்டது. 'அல்பினி பதிவுசெய்த ஆல்பம்' என்று வெளியிட்டிருந்தால் அந்தப் பெயருக்காகவே பலர் வாங்கியிருப்பார்கள். அவர்கள் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை.

அப்படியானால் அல்பினியின் வேலை மோசமா?

இல்லை. அடுத்த ஆண்டே பிப்ரவரியில் அவர் நிர்வாணா குழுவின் 'இன் யூட்டெரோ'வைப் பதிவுசெய்தார். அந்தப் பதிவின் தரத்தை இன்றைக்கும் இசைப் பொறியாளர்கள் பாராட்டுகிறார்கள். அல்பினியின் முறை, குழு ஓர் அறையில் வாசிப்பதை உள்ளபடி பிடிப்பது. 'இப்படி வாசி, அதை மாற்று' என்று அவர் சொல்ல மாட்டார். ஃபுகாஸிக்கு அந்தப் பாடல்களோடு அந்த நேரத்தில் தேவைப்பட்டது வேறொன்று: குறுக்கே நின்று, 'இது இன்னும் வரவில்லை, திரும்ப வாசி' என்று சொல்லும் ஆள்.

'இன் யூட்டெரோ'வோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. அந்த ஆல்பத்தின் ஒலி இசை நிறுவனத்துக்குப் பிடிக்கவில்லை என்று அப்போது பத்திரிகைகளில் செய்தி அடிபட்டது. கடைசியில் 'ஹார்ட்-ஷேப்ட் பாக்ஸ்', 'ஆல் அபாலஜீஸ்' இரண்டையும் தயாரிப்பாளர் ஸ்காட் லிட் மறுபடி மிக்ஸ் செய்தார், அதாவது பதிவான ஒலிகளின் அளவுகளை மாற்றிக் கலந்தார். நிர்வாணாவுக்கே அந்த மாற்றம் வேண்டியிருந்ததா, நிறுவனத்துக்கு வேண்டியிருந்ததா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஃபுகாஸி விஷயத்தில் அந்த வாதத்துக்கே இடமில்லை. நிறுவனமும் அவர்களுடையது, பணமும் அவர்களுடையது, காதும் அவர்களுடையது.

மறுபதிவு யார் செய்தது? எங்கே?

பழைய இடம், பழைய ஆட்கள். வாஷிங்டனுக்கு ஆற்றின் மறுகரையில் ஆர்லிங்டன் இருக்கிறது. அங்கே டான் ஸியென்டாராவின் இன்னர் இயர் ஸ்டூடியோ. ஸியென்டாரா முதலில் தன் வீட்டிலேயே பதிவுசெய்துகொண்டிருந்தவர். மைனர் த்ரெட் காலத்துப் பதிவுகள் அந்த வீட்டில் பிறந்தவை. 1990-இல் தனி இடத்துக்கு மாறினார். தயாரிப்புக்கு டெட் நைஸ்லி திரும்பி வந்தார்.

நைஸ்லி ஒரு பேஸ் வாசிப்பாளர், டாமி கீனின் பாப்-ராக் குழுவில் இருந்தவர். சுருதி சுத்தமாக இருக்க வேண்டும், தாளம் நகரக்கூடாது என்பதில் பிடிவாதக்காரர். சத்தத்தையே கருவியாக வைத்திருக்கும் குழுவுக்கு இப்படிப்பட்டவர் எதற்கு என்று தோன்றலாம். 'ஃபாசெட் ஸ்கொயர்ட்' பாட்டைக் கேட்டால் விடை கிடைக்கும். இரண்டு கிட்டார்களும் சுருதி பிசகாமல் மோதும்போதுதான் அந்த மோதல் காதில் விழுகிறது, இல்லாவிட்டால் வெறும் இரைச்சல்.

சிகாகோ டேப்பைக் கேட்க முடியுமா? எது மேல்?

ரசிகர்களிடையே அது பல ஆண்டுகள் திருட்டுப் பதிவாகக் கைமாறியது, பிறகு இணையத்திலும் பரவியது. அல்பினியின் பதிவுகளில் பொதுவாகவே டிரம்ஸ் அறை முழுக்க ஒலிக்கும், குரல் கருவிகளுக்குள் கொஞ்சம் அமுங்கியிருக்கும். அந்த ஒலி பிடித்தவர்களுக்கு சிகாகோ டேப்தான் உயர்வு.

என் காதுக்கு ஆர்லிங்டன் பதிவுதான் சரி. இந்த ஆல்பத்தில் சொற்கள் முக்கியம். பிச்சோட்டோ ஒரு வரியை எங்கே கடித்துத் துப்புகிறார், மெக்கே எங்கே குரலை இறக்கி முணுமுணுக்கிறார் என்பதெல்லாம் தெரிய வேண்டும். 'ரிட்டர்னிங் தி ஸ்க்ரூ' அடங்கிய குரலில் நெடுநேரம் போய்த் திடீரென வெடிக்கும். அந்த அடக்கம் தெளிவாகக் கேட்காவிட்டால் வெடிப்புக்கு அர்த்தமே இல்லை.

பாடல்கள் எதைப் பற்றியவை?

மொத்தம் 12. அதில் 'ஸ்வீட் அண்ட் லோ' வெறும் வாத்திய இசை. மற்றவற்றில் என்னைப் பிடித்து நிறுத்தும் சிலவற்றைச் சொல்கிறேன்.

'ஸ்மால்பாக்ஸ் சாம்பியன்' அமெரிக்கப் பூர்வகுடிகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமையைப் பாடுகிறது. 1763-இல் ஃபோர்ட் பிட் கோட்டையில் இருந்த பிரிட்டிஷ் தரப்பினர், பெரியம்மை நோயாளிகள் பயன்படுத்திய போர்வைகளைப் பூர்வகுடித் தூதர்களுக்குக் கொடுத்தது வரலாற்று ஆவணங்களில் உள்ளது. அந்தக் குற்றத்தின் மேல் கட்டிய நாட்டில் நாம் வசதியாக உட்கார்ந்திருக்கிறோம் என்ற குமுறல்தான் பாட்டு. பிரசங்கம் மாதிரி இல்லாமல், கேட்கிறவரைச் சட்டையைப் பிடித்து உலுக்குகிற மாதிரி இருக்கும்.

'23 பீட்ஸ் ஆஃப்' எய்ட்ஸ் காலத்துப் பாட்டு. ஒரு மனிதனின் பெயர் ஊரறிந்த பெயராகி, அப்புறம் அவனுடைய நோயே அவனுடைய அடையாளமாகிவிடுகிறது. கூடைப்பந்து வீரர் மேஜிக் ஜான்சன் தனக்கு எச்.ஐ.வி. இருப்பதை 1991 நவம்பரில் அறிவித்த பிறகு அமெரிக்கா முழுக்க இதே பேச்சுதான் என்பதை நினைவில் வைத்துக் கேட்க வேண்டும். ஆறரை நிமிடத்துக்கும் மேல் ஓடுகிறது. பாட்டு முடிந்தும் கிட்டார்கள் நீண்ட நேரம் ஊளையிட்டுக்கொண்டே இருக்கும். அவசரப்பட்டு அடுத்த பாட்டுக்குத் தாவாதீர்கள். அந்த ஊளை வரைக்கும் சேர்த்துத்தான் அது முழுப்பாட்டு.

'காசவெட்டீஸ்' திரைப்பட இயக்குநர் ஜான் காசவெட்டீஸுக்கு மரியாதை. 1989-இல் இறந்தவர். மற்றவர்களின் படங்களில் நடித்துச் சம்பாதித்த பணத்தில், ஸ்டூடியோக்களின் தயவு இல்லாமல் தன் படங்களை எடுத்தவர். ஃபுகாஸி அவரைத் தங்கள் ஆளாக நினைத்ததில் வியப்பில்லை. 'வாக்கன்ஸ் சிண்ட்ரோம்' இன்னொரு திரைப்படக் குறிப்பு. 'ஆனி ஹால்' படத்தில் கிறிஸ்டோஃபர் வாக்கன் ஏற்ற பாத்திரம், இரவில் கார் ஓட்டும்போது எதிரே வரும் விளக்குகளுக்குள் வண்டியைச் செலுத்திவிடத் தோன்றுகிறது என்று ஒப்புக்கொள்ளும். பாட்டின் பெயர் அங்கிருந்து வந்தது.

'கிரேட் காப்' இரண்டு நிமிடம்கூட இல்லாத சீறல். பழைய ஹார்ட்கோர் ரத்தம் இன்னும் ஓடுகிறது என்பதற்குச் சாட்சி. கடைசிப் பாட்டு 'லாஸ்ட் சான்ஸ் ஃபார் எ ஸ்லோ டான்ஸ்' பிச்சோட்டோவுடையது. எனக்குக் குழுவின் எல்லா ஆல்பங்களிலும் சேர்த்து மிகப் பிடித்த முடிவு அதுதான்.

அட்டையில் இருப்பது என்ன?

வாஷிங்டன் நினைவுத்தூண், மஞ்சள் நிறத்தில். குழுவினரின் முகம் இல்லை.

எந்த நிறுவனம் வெளியிட்டது?

டிஸ்கார்ட். மெக்கேயும் ஜெஃப் நெல்சனும் நண்பர்களோடு 1980-இல் தொடங்கியது. தங்கள் குழுவான டீன் ஐடில்ஸின் பதிவை வெளியிடுவதுதான் அப்போது நோக்கம். பிறகு வாஷிங்டன் வட்டாரக் குழுக்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டார்கள். குழுக்களோடு எழுத்து ஒப்பந்தம் கிடையாது. செலவு போக வரும் லாபத்தைப் பங்கிட்டுக்கொள்வார்கள். இந்த ஆல்பம் டிஸ்கார்டின் 70-ஆம் எண் வெளியீடு. வெளியான நாள் 1993 ஜூன் 30.

விளம்பரம் எப்படிச் செய்தார்கள்?

வழக்கமான எதையும் செய்யவில்லை. எம்டிவிக்கு வீடியோ இல்லை. மேலாளர் இல்லை, கச்சேரிகளை மெக்கே தொலைபேசியில் தானே ஏற்பாடு செய்வார். சிகரெட், மது விளம்பரம் வாங்கும் பெரிய பத்திரிகைகளுக்குப் பேட்டி இல்லை. சிறு பத்திரிகை நடத்தும் பள்ளி மாணவன் கேட்டால் உட்கார்ந்து பேசுவார்கள். டி-ஷர்ட்கூட விற்கவில்லை. ஆசைப்பட்ட யாரோ 'இது ஃபுகாஸி டி-ஷர்ட் அல்ல' என்று அச்சடித்து விற்க ஆரம்பித்தார்கள், அதுவே பிரபலமாகிவிட்டது.

விலை பற்றி ஏன் எல்லோரும் இவ்வளவு பேசுகிறார்கள்?

ஏனென்றால் அவர்கள் எடுத்த முடிவுகளில் அதுவும் ஒன்று, ஒலியைப் போலவே. தபாலில் வாங்கினால் தபால் செலவையும் சேர்த்துப் பத்து டாலரைத் தாண்டாது. கடைகளில் மற்ற சிடிக்கள் இதைவிட நிறைய விலைக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. கச்சேரிக்கு 5 டாலர். எந்த வயதினரும் வரலாம். அமெரிக்காவில் மது விற்கும் அரங்குகளில் 21 வயதுக்குக் குறைந்தவர்களை விடாத இடங்கள் நிறைய இருந்தன. அதனால் தேவாலயக் கூடம், சமூகக் கூடம், ஸ்கேட்டிங் மைதானம் என்று அலைந்து இடம் பிடித்தார்கள்.

5 டாலரில் எப்படிக் கட்டுப்படியாகும்? ஓட்டல் செலவைக் குறைத்து, நண்பர்கள் வீட்டில் தங்கி, குறைந்த ஆட்களோடு, ஒரு வேனில் ஊர் ஊராகப் போனால் கட்டுப்படியாகும். இதைத் தியாகம் என்று சிலர் வர்ணிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நான்கு பேரும் இசையை வைத்தே குடும்பம் நடத்தினார்கள். கணக்கைத் தாங்களே போட்டதால், தேவையில்லாத செலவு எது என்று தெரிந்தது. அந்தச் செலவை ரசிகர் தலையில் கட்டவில்லை. அதே கணக்குதான் ஒரு முழு ஆல்பத்தைத் தூக்கி வைக்கும் சுதந்திரத்தையும் கொடுத்தது. வெளியாளிடம் முன்பணம் வாங்கியிருந்தால், சிகாகோ டேப்பைக் கேட்டு யோசிக்க யார் அவகாசம் கொடுத்திருப்பார்கள்?

விற்பனை எப்படி இருந்தது?

அமெரிக்க ஆல்பங்களின் தரவரிசையான பில்போர்டு 200 பட்டியலில் இடம்பிடித்த முதல் ஃபுகாஸி ஆல்பம் இதுதான், 153-ஆம் இடத்தில். மேலே சொன்ன எந்த விளம்பரமும் இல்லாமல் அந்த இடம்.

பெரிய நிறுவனங்கள் அணுகவில்லையா?

அணுகின. நிர்வாணாவின் 'நெவர்மைண்ட்' 1991-இல் வெற்றி பெற்றதும், அடுத்த நிர்வாணா யார் என்று எல்லா நிறுவனமும் தேட ஆரம்பித்தது. 1993 செப்டம்பரில் ஃபுகாஸி நியூயார்க்கின் ரோஸ்லேண்ட் பால்ரூமில் வாசித்தபோது அட்லாண்டிக் நிறுவனத்தை நிறுவிய அகமது எர்டிகனே நேரில் வந்தார். பாடகர் ரே சார்ல்ஸ் காலத்திலிருந்து இசைத்தட்டு வெளியிட்டவர். என்ன வேண்டுமானாலும் தருவதாகச் சொல்லிக் கேட்டார். மறுத்துவிட்டார்கள். லொல்லபலூஸா என்ற பெரிய இசைத் திருவிழாவின் அழைப்பும் கைகூடவில்லை, அங்கே 5 டாலருக்கு டிக்கெட் போட முடியாதே.

டிஸ்கார்டிலிருந்து மற்ற குழுக்கள் போனது துரோகமா?

அப்படிச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஜாபாக்ஸ் அட்லாண்டிக்குக்கும், ஷடர் டு திங்க் எபிக் என்ற பெரிய நிறுவனத்துக்கும் போனார்கள். டிஸ்கார்டில் ஒப்பந்தம் கிடையாது என்பதன் அர்த்தமே, போக நினைப்பவர் போகலாம் என்பதுதான். இரண்டு குழுக்களும் 1994-இல் அருமையான ஆல்பங்களைக் கொடுத்தன. இரண்டையும் தயாரித்தவர் அதே டெட் நைஸ்லி.

கச்சேரிகளில் ரசிகர்களைக் கண்டிப்பார்களாமே?

உண்மை. கூட்டத்தில் முண்டியடித்து மற்றவர்களை மிதிப்பவர்களைக் கண்டால் இசையை நிறுத்திவிடுவார்கள். முதலில் மரியாதையாகச் சொல்லிப் பார்ப்பார்கள். கேட்கவில்லை என்றால், தயாராக வைத்திருக்கும் உறையில் 5 டாலரைப் போட்டுக் கொடுத்து வெளியே அனுப்புவார்கள். சின்னப் பெண்களும் பையன்களும் மேடைக்குப் பக்கத்தில் பயமில்லாமல் நிற்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார்கள். கச்சேரி வன்முறையே வீரம் என்றிருந்த ஒரு இசை வட்டத்துக்குள் நின்று இதைச் சொல்லத் துணிச்சல் வேண்டும்.

இந்த ஆல்பத்திலிருந்தே கேட்கத் தொடங்கலாமா?

தொடங்கலாம். ஆனால் எளிதான வாசல் '13 சாங்ஸ்', முதல் இரண்டு சிறு பதிவுகளைச் சேர்த்து 1989-இல் வந்தது. 'வெயிட்டிங் ரூம்' அதில்தான் இருக்கிறது. பிறகு 'ரிப்பீட்டர்', அதன் பிறகு இது என்று வந்தால் குழு மாறுவது புரியும். நேராக இதற்கே வருகிறவர்கள் 'பப்ளிக் விட்னஸ் புரோகிராம்' பாட்டில் நுழையுங்கள், துள்ளலான பாட்டு. நல்ல ஹெட்போன் இருந்தால் இரண்டு கிட்டார்களையும் தனித்தனியாகப் பின்தொடரலாம். மெக்கேயின் கிப்ஸன் எஸ்ஜி கிட்டார் தடித்த ஒலி, பிச்சோட்டோவின் ரிக்கன்பேக்கர் கிட்டார் கீச்சென்று கூர்மையானது.

குழு இப்போது இருக்கிறதா?

இதற்குப் பிறகு 'ரெட் மெடிசின்' (1995), 'எண்ட் ஹிட்ஸ்' (1998), 'தி ஆர்கியூமென்ட்' (2001) என மூன்று ஆல்பங்கள். கடைசிக் கச்சேரி 2002 நவம்பரில் லண்டனில். கலைந்துவிட்டோம் என்று அறிவிக்கவில்லை, காலவரையற்ற ஓய்வு என்றார்கள். இன்னர் இயர் இருந்த கட்டடத்தை ஆர்லிங்டன் நிர்வாகம் வாங்கியதால் 2021-இல் ஸியென்டாரா அந்த இடத்தைக் காலி செய்தார். அல்பினி 2024 மே மாதம் காலமானார். ஆல்பம் டிஸ்கார்டில் இன்றும் கிடைக்கிறது. குழுவினர் தாங்கள் பதிவுசெய்து வைத்திருந்த 800-க்கும் மேற்பட்ட கச்சேரிகளை 2011-லிருந்து இணையத்தில் ஏற்றத் தொடங்கினார்கள். 1993 ஆண்டைத் தேடினால், புதிதாக வெளிவந்த இந்தப் பாடல்களை மேடையில் வாசித்த இரவுகள் பல கிடைக்கும். ஒரு கச்சேரிக்கு அவர்கள் பரிந்துரைத்த விலை 5 டாலர், கையில் குறைவாக இருப்பவர் 1 டாலர் கொடுத்தும் இறக்கிக்கொள்ளலாம்.